கண்ணுக்குத் தெரியாதன உட்பட

பூட்டுக்காரர் இறந்த மூன்றாம் நாள் காலை பத்தே காலுக்கு அவருடைய இருமல் டைப் அக்காவின் தொண்டைக்கு வந்து சேர்ந்தது. மூன்று சின்ன இருமல், ஒரு இடைவெளி, பிறகு கதவை எட்டி உதைத்த மாதிரி ஒரு பெரிய இருமல். நாற்பது வருடமாக அந்தத் தெருவுக்குப் பழக்கமான வரிசை அது. பக்கத்து நகல் கடைக்காரர், "வாங்க பூட்டுக்காரரே" என்று சொல்லிக்கொண்டே தலையை நீட்டினார். முந்தாநாள் தானும் தோள் கொடுத்துத் தூக்கிய ஆள் எப்படி வருவார் என்று உறைத்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். டைப் அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இருமல் நிற்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பிழை விழுந்தது. தாளை உருவிப் போட்டுவிட்டு வேறு தாள் செருகினாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு மேஜையும் ஒரு பீரோவும் போட்டால் மூச்சுவிட இடமில்லாத அறையில், இருபத்தெட்டு வருடமாகப் பத்திரம் அடிக்கிறாள். ஊரில் பாதிப் பேருடைய சண்டை அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. பாகப்பிரிவினை, விவாகரத்து, பொதுச்சுவர் தகராறு, தத்தெடுத்தது, தத்தெடுத்ததை மறுத்தது. ஒன்றிலும் அவள் வாய் திறந்ததில்லை. யார் எதைக் கேட்டாலும், "நான் அடிக்கிறவ, படிக்கிறவ இல்ல" என்று முடித்துவிடுவாள். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, நிபந்தனைகளை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். கேட்டவர்களில் சிலர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

பூட்டுக்காரர் உயில் எழுத வந்தது அவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால். டைப் அக்கா அறைக்கு மேலே மாடியில் இருந்த வக்கீலிடம் விஷயம் சுலபமாகத்தான் ஆரம்பித்தது. வீடு மகனுக்கு, கடை மூத்த மகளுக்கு. அதற்கு மேல் அவரிடம் எழுத ஒன்றுமில்லை. வக்கீல்தான் எக்ஸிகியூட்டர் என்று ஒருவர் பெயர் போட வேண்டும் என்றார்.

"அப்படின்னா யாரு?"

"நீங்க போன பிறகு உங்க வேலையை முடிச்சு வைக்கிறவர்."

"நான் இருக்கும்போதே என் வேலையை யாரும் முடிச்சுத் தந்ததில்லையே" என்றார் பூட்டுக்காரர். ஆனாலும் யோசித்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டு படி இறங்கினார்.

மனிதர்களைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது, சாவிகளைப் பற்றி உண்டு. ஆகவே எந்தப் பூட்டையும் திறக்காத நான்கு பித்தளைச் சாவிகளைப் புதிதாக அறுத்து, மகனுக்கு ஒன்று, மூத்த மருமகனுக்கு ஒன்று, நண்பரான மருந்துக் கடைக்காரருக்கு ஒன்று, வக்கீலுக்கே ஒன்று என்று கொடுத்தார். ஒரு மாதம் பத்திரமாக வைத்திருங்கள், எதற்கு என்று கேட்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். மாதம் முடிந்ததும் வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மருமகனுடைய சாவியின் பல்லில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அந்தப் பச்சை பூட்டுக்காரருடைய சொந்த இரும்புப் பெட்டியின் பச்சை. மருந்துக் கடைக்காரர் சாவியில் அவர் வீட்டு மேஜை இழுப்பறைகளின் துரு முழுக்க இருந்தது. மனைவி ஏதாவது ஒளித்து வைத்திருப்பாளோ என்று அவருக்குச் சந்தேகம் போலிருக்கிறது. வக்கீல் தன் சாவிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார், எதற்குத் துடைத்தார் என்பதுதான் கேள்வி. மகன் சாவியைத் தொலைத்துவிட்டு வேறொன்று செய்து கொண்டுவந்திருந்தான். மேலத் தெருவில் கடை வைத்திருக்கும் எதிரியின் அரம் பட்ட சாவி அது. பெற்ற பிள்ளை தொலைத்ததைக்கூட மன்னித்திருப்பார், அங்கே போய்ச் செய்ததை மன்னிக்கவில்லை.

மாதிரிக்காக முதலில் அறுத்த ஐந்தாவது சாவி ஒன்று இருந்தது அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மாத ஆரம்பத்தில் வரி நோட்டீசுக்குப் பதில் அடிக்க டைப் அக்காவிடம் வந்தபோது, கையில் வைத்திருந்த மிச்சச் சாவியை அவள் மேஜையிலேயே விட்டுப் போயிருந்தார். போய்க் கேட்டார். அவள் இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்டுகளுக்கு நடுவில் துழாவி எடுத்துக் கொடுத்தாள். பல்லில் அழிரப்பர்த் தூளைத் தவிர ஒன்றுமில்லை.

"இது என்ன சாவின்னு கேக்கவே இல்லையேம்மா?"

"கேட்டா நீங்க சொல்லுவீங்க ஐயா. சொன்னா எனக்கு ஒரு வேலை வரும்."

"உன் பேரையே போட்டுடறேன்" என்றார் பூட்டுக்காரர். அவள் முடியாது என்றாள். இரண்டு பேருக்கு இரண்டு பொருள், மொத்தம் அரை நாள் வேலை, அதற்குப் போய் இப்படிப் பிகு பண்ணுகிறாயே என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவர் இருமினார். வெளியே இரண்டு பேர் ஒப்பந்தம் அடிக்கக் காத்து நின்றார்கள். மறுப்பதைவிட ஒத்துக்கொள்வதற்கு நேரம் குறைவாகப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு அவள் சரி என்றாள். நல்ல புத்திசாலிகள் எல்லாம் கிணற்றில் விழுவது இப்படித்தான்.

உயிலை அவளே அடித்தாள். நிறைவேற்றுபவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தானே அடித்தபோது வேறு யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரிதான் இருந்தது. பிள்ளைகள் இருவர் என்று அடிக்கும்போது மட்டும் விரல் ஒரு கணம் நின்றது. பூட்டுக்காரருக்கு மூன்று பிள்ளைகள் என்பது ஊருக்கே தெரியும். சின்ன மகள் அதற்கு ஒன்பது வருடம் முன்னால் ஒரு பஸ் டிரைவரைத் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்று அவர் சொன்னார், அவளும் மிதிக்கவில்லை. டைப் அக்கா தலை நிமிர்ந்து பார்த்தாள். "எழுதினதை மட்டும் அடிம்மா" என்றார் அவர்.

தவறு நடந்தது கடைசி வரியில். பத்திரத்தில் ஒரு வரி பாதியில் நின்றால், மிச்ச இடத்தில் பின்னால் யாராவது எதையாவது நுழைத்துவிடலாம். அதனால் மற்றவர்கள் அந்த இடத்தைக் கோடு போட்டு அடைப்பார்கள். டைப் அக்காவுக்குக் கோடு பிடிக்காது, அது சோம்பேறிகள் வேலை என்பாள். வார்த்தைகளால் அடைப்பாள், அதுவும் கடைசி எழுத்து ஓரத்தில் கச்சிதமாகப் போய் உட்காரும்படி. வக்கீல் எழுதிக் கொடுத்திருந்தது இவ்வளவுதான்: மேலே சொல்லாமல் விடுபட்ட என்னுடைய பொருள்கள் யாவற்றையும் நிறைவேற்றுபவர் தம் மனசாட்சிப்படி உரியவர்களிடம் ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டியது, அப்படி ஒப்படைக்காமல் மீந்தவை நிறைவேற்றுபவரையே சேரும். அதற்குப் பிறகு அரை வரி காலியாக இருந்தது. 'கண்ணுக்குத் தெரிவன, தெரியாதன உட்பட' என்று அடித்தாள். ஓரத்தில் அளவெடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. நகல் கடைக்காரரும் வக்கீலின் குமாஸ்தாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் அந்த வரியைப் படிக்கவில்லை, படித்திருந்தாலும் அழகாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பூட்டுக்காரர் அதற்குப் பிறகு இரண்டு வருடம் சௌகரியமாக இருந்து, ஒரு மத்தியானம் கடை நாற்காலியிலேயே இறந்தார். முதலில் வந்தது இருமல். அந்த வாரத்துக்குள்ளேயே அவருடைய கோபம் வந்தது. அது நாலு மணி வாக்கில் வரும், நாற்காலி மேஜைக்கு நேராக இல்லாவிட்டால் ஆரம்பித்து, நாட்டில் ஒருவனுக்கும் ஒழுங்கு கிடையாது என்பதில் முடியும். பிறகு அவருடைய மத்தியானத் தூக்கம், வாய் திறந்தபடி இருபது நிமிடம். பிறகு புறாக்களைக் கண்டால் அவருக்கு இருந்த பயம், அதை அவர் உயிரோடு இருந்தவரை யாரிடமும் சொன்னதில்லை. பதிவு அலுவலகக் கூரை முழுக்கப் புறா. டைப் அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டு புழுக்கத்தில் வேலை பார்த்தாள். வக்கீலிடம் போய்க் கேட்டதற்கு அவர் உயிலை இரண்டு தடவை படித்தார். பொருளை ஒப்படைக்கும்வரை நிறைவேற்றுபவர் பொறுப்பில்தான் இருக்கும், சட்டம் அப்படித்தான், இதில் 'தெரியாதன உட்பட' என்று அடித்தவரே நீங்கள், நான் என்ன சொல்ல என்றார்.

ஒப்படைக்கும் முறையும் தற்செயலாகத்தான் தெரிந்தது. மூத்த மகள் கடைச் சாவிக் கொத்தை வாங்கிக்கொள்ள வந்திருந்தாள். டைப் அக்கா இருமினாள். மூத்தவள் சட்டென்று அழ ஆரம்பித்தாள். "சின்ன வயசுல அப்பா இருமுற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அதைக் குடுத்துடுங்களேன்" என்றாள். சமாதானத்துக்காக டைப் அக்கா, ஒப்படைத்த பொருள்களைக் குறிக்கும் நோட்டில் சாவிக் கொத்து என்பதற்குக் கீழே இருமல் என்றும் எழுதினாள். எதிரே, பெற்றுக்கொண்டேன் என்று மூத்தவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை வைப்பதற்கு முன்பே மூன்று சின்ன இருமலும் ஒரு பெரிய இருமலும் அவளுக்கு வந்துவிட்டன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கோபத்தை மகனிடம் கொடுத்தாள். என்னிடமே ஒன்று இருக்கிறதே என்று அவன் தயங்கினான். "உங்களுது அவசரக் கோபம், இது நிதானமா வர்றது, ரெண்டும் இருந்தா ஒண்ணை ஒண்ணு பாத்துக்கும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். அது உண்மையாகவே ஆயிற்று, அவன் மனைவி பிற்பாடு வந்து நன்றி சொன்னாள். மத்தியானத் தூக்கத்தை நகல் கடைக்காரர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். மூத்த மருமகன், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது தடவை அவருக்குப் புறாப் பயத்தைக் கொடுத்தனுப்பினாள். மனசாட்சிப்படி என்றுதானே போட்டிருக்கிறது.

எல்லாம் கொடுத்து முடிந்த பிறகும் ஒன்று மீந்திருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் உடம்பு தானாக நாற்காலியை விட்டு எழுந்தது, வாசலுக்குப் போனது, இடது கையால் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டது, வலது கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக்கொண்டு தெருக்கோடி பஸ் நிறுத்தத்தைப் பார்த்தது. பத்து நிமிடம் கழித்து உள்ளே திரும்பியது. லீவு நாளில் தன் வீட்டு வாசலிலும் அப்படியே நின்றாள். அந்தச் சந்துக்குள் பஸ் வராது, ஆனாலும் நின்றாள். அவர் காற்று வாங்குவார் என்றான் மகன். கடைகளுக்கு எல்லாம் சரியாகப் பூட்டு போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார் என்றாள் மூத்தவள். ஆளுக்கொரு பெயர் சொல்லி நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுப் பார்த்தார்கள். காற்று வாங்குவது என்று எழுதியதை மகன் பெற்றுக்கொண்டான், மறுநாள் ஆறு மணிக்கு அவள் மறுபடியும் வாசலில் நின்றாள்.

அது காற்று வாங்குவது இல்லை என்று அவளுக்குத்தானே தெரியும். தோளில் பை மாட்டிய பெண் யாராவது பஸ்ஸிலிருந்து இறங்கினால் நெஞ்சு ஒரு படி மேலே ஏறும். ஆண்கள் இறங்கினால் ஒன்றுமில்லை. கடைசி ஆள் இறங்கி, பஸ் புகையை விட்டுவிட்டுப் போனதும், ஏறியது எல்லாம் ஒரேயடியாகக் கீழே இறங்கும். ஐம்பத்து மூன்று வயதுவரை அவள் யாருக்காகவும் எந்த வாசலிலும் நின்றதில்லை. யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பது ஒரு சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது தினமும் ஆறு பத்துக்கு, தனக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ வராததற்காக ஏமாந்து உள்ளே வந்தாள். ஒருநாள் வாடிக்கையாளர் முன்னாலேயே அழுதுவிட்டு, தூசி என்றாள்.

இது யாருக்கு உரியது என்று நான்காவது மாதமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பத்தாவது மாதம்வரை அவள் கிளம்பவில்லை. இதை ஏன் தள்ளிப்போட்டாள் என்று அவளே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆறு மணிக்கு என்று அவளுக்கும் ஒன்று இருந்தது, அது போய்விட்டால் மறுபடியும் ஆறு மணி வெறும் ஆறு மணியாகிவிடும். இன்னும் இரண்டு மாதம் சும்மா இருந்தால் உயில்படி அது அவளுக்கே சொந்தம். பிறகு ஒரு சாயங்காலம், இறங்கிய பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தபோது நெஞ்சு ஏறிய வேகத்தில், இத்தனையும் தனக்கு வந்தது இல்லை என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமில்லை. மூத்தவளிடம் விலாசம் கேட்டாள். அப்பாவுக்குத் தெரியாமல் வருடத்துக்கு ஒரு தடவை தங்கையிடம் போனில் பேசுவதுண்டு என்று அவள் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

மூன்று மணி நேர பஸ் பயணம். சின்னவள் ஒரு சலவைக் கடை வைத்திருந்தாள். உள்ளே வரிசையாகச் சட்டைகள் தொங்கின, நடுவில் நீராவிப் பெட்டியோடு அவள் நின்றாள். டைப் அக்கா தான் யார் என்று சொல்லி, உயில் விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னாள்.

"அதுல என் பேர் இருக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"பேர் போடாத பொருள் ஒண்ணு மீதி இருக்கும்மா."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. பழைய பீரோவா?"

"பீரோன்னா லாரில ஏத்தி அனுப்பியிருப்பேன். இது நானே கொண்டுவர வேண்டியது. ஆறு மணி ஆகட்டும், தெரியும்."

அப்போது ஐந்தே முக்கால். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்தாள். வந்தவளைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. டைப் அக்கா துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் தானாகவே உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு அவள் உடம்பு எழுந்தது, வாசலுக்குப் போனது, இடது கை தாழ்ப்பாளைப் பிடித்தது, வலது கை புருவத்துக்கு மேலே போனது. அவள் தெருவைப் பார்த்தபடி நின்றாள். எதிர்பார்க்கிற ஆள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று அந்தக் காத்திருப்புக்கு யார் எடுத்துச் சொல்வது.

பின்னால் துணி கருகும் வாசனை வந்தது. சின்னவள் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டிருந்தாள். எடுத்து நிறுத்தினாள். சட்டையின் முதுகில் முக்கோணமாகப் பழுப்பு விழுந்திருந்தது. அதைப் பார்க்காமல் இவளையே பார்த்தாள்.

"அப்பா இப்படித்தான் நிப்பார். நான் காலேஜ் விட்டு வர்ற பஸ் ஆறு மணிக்குத்தான் வரும்."

"ஆமா."

"அதெல்லாம் நான் அங்க இருந்த வரைக்கும்."

"அதுக்கப்புறமும்தான். போற வரைக்கும் நின்னிருக்கார்."

"யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. பத்து மாசமா எனக்குள்ளதான இருக்கு."

சின்னவள் கருகிய சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவர் ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே என்றாள். போட்டிருக்கலாம் என்றாள் டைப் அக்கா. ஒரு போன் பண்ணியிருக்கலாம் என்றாள். பண்ணியிருக்கலாம் என்றாள். இறந்துபோனவருக்காக வக்காலத்து வாங்க டைப் அக்கா வரவில்லை. பத்து நிமிடம் முடிந்து உடம்பு விட்டதும் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். வரும் வழியிலேயே எழுதி வைத்திருந்தாள்: சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நிற்பது, பத்து நிமிடம், சின்ன மகளுக்காக. சின்னவள் அதை நின்றபடி படித்தாள். பேனாவை வாங்கி, வெகுநேரம் மூடியைத் திறக்காமல் வைத்திருந்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா அவரை மன்னிச்சதா ஆயிடுமா?"

"பெற்றுக்கொண்டேன்னு மட்டும்தான் இருக்கு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது."

சின்னவள் கையெழுத்துப் போட்டாள். பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துப் போட்டாள். ஏறக்குறைய பன்னிரண்டு வருடமாக அந்த எழுத்தை அவள் எங்கேயும் போட்டதில்லை. டைப் அக்கா கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினாள். மறுநாள் ஆறு மணிக்கு அவள் கால்கள் மேஜைக்கு அடியிலேயே இருந்தன. தெருக்கோடியில் பஸ் வந்து நின்ற சத்தமும் கிளம்பிய சத்தமும் கேட்டன. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள், யாரும் தடுக்கப் போவதில்லை. பிறகு அடுத்த தாளைச் செருகினாள்.

அதே ஆறு மணிக்குச் சின்னவள் தன் கடை வாசலுக்குப் போனாள். இடது கை தாழ்ப்பாளில், வலது கை புருவத்தில். நெஞ்சு ஏறியது. பஸ் எதுவும் வரவில்லை, யாரும் இறங்கவில்லை. இரண்டே நிமிடத்தில் வலது கை தானாகக் கீழே இறங்கியது, வர வேண்டிய ஆள் வந்து சேர்ந்துவிட்டால் எப்படி இறங்குமோ அப்படி. பூட்டுக்காரருக்குப் பதினொரு வருடமும் டைப் அக்காவுக்குப் பத்து மாதமும் நடக்காதது அவளுக்கு இரண்டு நிமிடத்தில் நடந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் அது இரண்டு நிமிடம்தான், ஒரு நாளும் பத்து ஆனதில்லை. டிரைவர் புருஷன் முதல் வாரம் என்ன விஷயம் என்று கேட்டார், அப்பாவுடையது என்று அவள் சொன்னாள், அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஆறு மணிக்குத் துணி வாங்க வருகிறவர்கள் வாசலில் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள். அவள் உள்ளே வந்ததும் சீட்டைக் கொடுத்துச் சட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள்.